நீல மையில் மட்டும்

டார்ப்ளி ஊரின் கடைசித் தெருவில் இருந்த அந்த வாடகை வீட்டுக்குள் நுழைந்ததுமே வெல்டா ஸ்ட்ரவுடுக்குக் குமட்டியது. பூட்டிக் கிடந்த வீட்டின் நாற்றம் ஒரு பக்கம். அதைவிட மோசம், வீட்டை யாரோ குடியிருக்கிற மாதிரி சோடித்து வைத்திருந்ததுதான். சோஃபாவின் மேல் பூப்போட்ட போர்வை, மேசையில் பைபிள், சுவரில் யாருடையதோ பேரப்பிள்ளைகளின் படம். அந்தப் பிள்ளைகள் யார் என்று கேட்டதற்கு, "போட்டோ ஃபிரேம் வாங்குனப்ப அதோட சேர்ந்தே கடையில வந்தது" என்றான் கிப் லேத்ரப்.

கிப் கட்டட விதிமீறல் பிரிவின் தலைவன். பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் மாதிரி விசிலைத் தவிர மற்றதெல்லாம் மாட்டிக்கொண்டு திரிவான். லைசென்ஸ் இல்லாமல் வேலை எடுக்கிறவர்களைப் பிடிக்க வருடத்துக்கு இருமுறை இப்படி ஒரு பொறி வீடு போடுவான். ரிப்பேர் வேலைக்கு விளம்பரம் கொடுத்திருக்கும் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, குழாய் ஒழுகுகிறது, கதவு இடிக்கிறது என்று சில்லறை வேலையைக் காட்டி, பேச்சோடு பேச்சாக லைசென்ஸ் வேண்டிய பெரிய வேலை ஒன்றையும் நுழைக்க வேண்டும். ஆள் சரியென்று தலையாட்டி விலையைச் சொன்ன நொடியில் உள் அறைக் கதவு திறக்கும். கையில் நோட்டீஸ், முகத்துக்கு நேரே கேமரா. பிடிபட்டவர்களின் படங்களை வரிசையாக அட்டையில் ஒட்டிப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

வீட்டுக்காரியாக நடிக்க வழக்கமாக ஒரு நாடகக்காரியை வைத்திருந்தார்கள். அவளுக்குக் காய்ச்சல். அதனால்தான் பெர்மிட் கவுண்ட்டரில் பதினோரு வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெல்டாவைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"என்னைப் பார்த்தா அவங்களுக்குத் தெரிஞ்சிடுமே, கிப். பாதிப் பேரு என் ஜன்னலுக்கு வந்தவங்கதான்."

"அட நீங்க ஒண்ணு. கவுண்ட்டர்ல உக்காந்திருக்கற மூஞ்சிய எவன் பாக்கறான்? எல்லாரும் உங்க கையில இருக்கற ஸ்டாம்ப்பத்தான் பாப்பாங்க."

வாய் கூசாமல் சொல்லிவிட்டு, வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பூந்தொட்டிக்குள் கேமரா இருந்தது. அடுத்து என்ன பேச வேண்டும் என்பது அவளுடைய கைபேசிக்கு வரும்.

கருமம், அவன் சொன்னதுதான் நடந்தது. காலையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேரை வெல்டாவே போன மாதம் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒருவனுக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. நாலு பேரும் விலை சொன்னார்கள், நாலு தடவை கதவு திறந்தது. ஒருவன் அழுதான். ஒருவன் பூந்தொட்டியை எட்டி உதைத்தான். கிப் கேமராவைத் துடைத்து மறுபடி தொட்டிக்குள் வைத்தான். போன வாரம் பிடித்த ஏழோடு சேர்த்துப் பதினொன்று ஆயிற்று.

"டஜன் ஆகணும் வெல்டா. பதினொண்ணுன்னு பத்திரிகைக்காரன்கிட்டச் சொன்னா நல்லாவா இருக்கு? இன்னும் ஒரே ஒருத்தன். அப்புறம் வீட்டுக்குப் போகலாம்."

ஐந்தாவதாக வாசலில் வந்து நின்ற வண்டியை வெல்டா பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். பச்சை நிற பழைய டிரக். பக்கவாட்டில் கையால் எழுதிய எழுத்து. ஏமஸ் டீஸ்லி.

ஏமஸை அவளுக்கு நன்றாகத் தெரியும். லைசென்ஸ் உள்ள பிளம்பர் ஒருவரிடம் ஏழு வருடம் கூட நின்று வேலை பார்த்தவர். பரீட்சையும் தேறிவிட்டார். சொந்தமாக லைசென்ஸ் கேட்டு விண்ணப்பத்தை அவளுடைய ஜன்னலுக்கு மூன்று முறை கொண்டுவந்தார், மூன்று முறையும் அவள் திருப்பி அனுப்பினாள். முதல் தடவை நோட்டரியின் முத்திரை கையெழுத்தின் மேல் ஏறியிருந்தது. இரண்டாவது தடவை காப்பீட்டுத் தாள் மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் பேருக்கு இல்லாமல் ஊர்ச் சபையின் பேருக்கு இருந்தது. மூன்றாவது தடவை எல்லாம் சரி, ஆனால் கறுப்பு மை. அசல் எது நகல் எது என்று தெரிய வேண்டும் என்பதால் நீல மையில் மட்டும் என்று விதி. மற்றவர்கள் என்றால் கத்துவார்கள். ஏமஸ் கத்தவில்லை. "நல்லவேளை சொன்னீங்க, மிஸ் வெல்டா" என்று சொல்லிவிட்டுப் போய், நாலாவது தடவை சட்டைப் பையில் இரண்டு நீலப் பேனாக்களோடு வந்தார். ஒன்று தீர்ந்தால் இன்னொன்று. அவள் முத்திரை குத்திய ஓசையைக் கேட்டுக் கண்ணை மூடித் திறந்தார். வியாழக்கிழமை லைசென்ஸ் குழு கூடுகிறது. ஏமஸுடைய விண்ணப்பம் அன்றைய கோப்பில் இரண்டாவதாக இருந்தது. இன்றைக்குச் செவ்வாய்.

இதற்கிடையில் ஒரு நோட்டீஸ் வந்தால் போச்சு. லைசென்ஸ் இல்லாமல் வேலை எடுத்தவனுக்கு லைசென்ஸ் கிடையாது. மறுபடி விண்ணப்பிக்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

கதவைத் திறந்தாள்.

"அட! மிஸ் வெல்டாவா!" ஏமஸின் முகம் விரிந்தது. தொப்பியைக் கழற்றினார். "கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உங்கள இப்பத்தான் பாக்கறேன். உங்களுக்குக் காலெல்லாம் இருக்கா!"

சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தாள். கைபேசி அதிர்ந்தது. கிப்தான். 'தெரிஞ்சவனா? இன்னும் நல்லது.'

இன்னும் நல்லதாம். அந்தக் கைபேசியை அப்படியே கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். அவள் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள், அவ்வளவுதான்.

ஏமஸ் ஒழுகும் குழாயைப் பத்து நிமிடத்தில் சரி செய்தார். இடித்த கதவின் கீலை முறுக்கிவிட்டார். இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம், யார் வேண்டுமானாலும் செய்யலாம். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் போனவரிடம், திறந்த பக்கக் கதவு வழியாகத் தெரிந்த கார் கொட்டகையில் நின்ற பெரிய அட்டைப்பெட்டியைக் காட்டினாள். புது வாட்டர் ஹீட்டரின் பெட்டி.

"இதையும் மாட்டிக் குடுத்துட்டுப் போயிடறீங்களா, மிஸ்டர் டீஸ்லி?"

ஏமஸ் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னைச் சோதிக்கிறீங்களா? ஹீட்டருக்கு லைசென்ஸும் வேணும் பெர்மிட்டும் வேணும்னு எனக்குத் தலைகீழாப் பாடமாக்கிவிட்டதே நீங்கதானே!"

"சும்மா கேட்டேன்."

"வெள்ளிக்கிழமை வரேன். குழு சரின்னு சொல்லிட்டா, என் லைசென்ஸ்ல எடுக்கற முதல் பெர்மிட் உங்க வீட்டுக்குத்தான். நீங்களே ஸ்டாம்ப் குத்தணும், சொல்லிட்டேன்."

வெல்டாவுக்கு நெஞ்சு நிறைந்தது. சபாஷ் என்று அவர் முதுகில் தட்டலாம் போல இருந்தது. இன்றைக்கு இந்த வீட்டில் ஒருவனாவது மாட்டவில்லை. பூந்தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். கைபேசி மேசையைக் குடைகிற மாதிரி அதிர்ந்தது. திருப்பிப் பார்த்தாள். 'அம்மா.'

அந்த வசனத்தைக் காலையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். வயதான அம்மா, படுத்த படுக்கை, வெந்நீர் இல்லை. மற்ற நாலு பேரிடமும் அதைச் சொல்லத் தேவைப்படவில்லை. மறுபடி அதிர்ந்தது. 'சொல்லுங்க. பென்ஷனுக்கு இன்னும் எத்தனை மாசம்?'

பதினாலு மாதம். கிப்புக்கும் தெரியும்.

மறுத்துவிடுவார், இதற்கும் மறுத்துவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெல்டா வாயைத் திறந்தாள். "அம்மாவுக்குத்தான் கஷ்டம். எண்பத்தொம்பது வயசு. மூணு நாளா வெந்நீர் இல்லாம துடைச்சுவிட முடியல."

ஏமஸின் சிரிப்பு நின்றது. வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்தது. தெற்கத்தி ஊரில் அப்படி ஒரு குளிர் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், குழாய்கள் வெடிக்கும், ஆட்கள் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

"எங்க இருக்காங்க?"

வெல்டாவின் கண் தானாகவே துணி துவைக்கும் அறையின் கதவுக்குப் போனது. சாத்திய கதவு. ஏமஸும் அதைப் பார்த்தார். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தூங்கறாங்களா?"

"ம்."

கதவுக்குப் பின்னால் கிப் கடலைத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருப்பான். ஏமஸ் நுனிக்காலில் நடந்து, சத்தம் வராமல் கருவிப் பெட்டியைக் கீழே வைத்தார். மூலையில் இருந்த பழைய ஹீட்டரைக் குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். மனசுக்குள் தராசு ஆடுவது முகத்திலேயே தெரிந்தது.

"மிஸ் வெல்டா," கிசுகிசுப்பாகத்தான் கேட்டார், "பெர்மிட்டுக்கு என்ன பண்றது?"

இதற்குப் பதிலை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கைபேசியிலும் வரவில்லை. இங்கேயாவது அவள் நிறுத்தியிருக்கலாம். 'வேண்டாம் போங்க' என்று இரண்டே வார்த்தை. இது எப்படியாவது முடிந்து தொலைந்தால் போதும் என்ற ஒரே நினைப்பில், அவளுடைய சொந்த வாயே சொன்னது:

"நாளைக்குக் காலைல முதல் வேலையா நானே போட்டுடறேன். நான் சொல்றேன்ல."

ஏமஸ் நிம்மதியாகத் தலையாட்டினார். "நீங்களே சொன்னா சரிதான். உங்களுக்குத் தெரியாத விதியா?"

"எவ்வளவு ஆகும்?"

"காசா? சீச்சீ, அம்மாவுக்குப் போய்! ஒண்ணும் வேண்டாம்."

கைபேசி அதிர்ந்தது. 'விலை இல்லாம கேஸ் நிக்காது. கேளுங்க.' கேட்டாள். வேண்டாம் என்றார். மறுபடி கேட்டாள். சும்மா வாங்கிக்கொள்கிற பழக்கம் தனக்கு இல்லை என்றாள். அவள் மனம் நோகக் கூடாது என்று ஏமஸ் கடைசியில் கையை விரித்தார். "சரி, நாப்பது டாலர் குடுங்க. போதுமா?"

கதவு படாரென்று திறந்தது. கிப் வந்தான். சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரமான கடலைத் தோல்.

ஏமஸ் செய்த காரியத்தை வெல்டா சாகும்வரை மறக்க மாட்டாள். அவர் பயப்படவில்லை, கோபப்படவும் இல்லை. வாயில் விரலை வைத்து, "உஷ்! மெதுவாங்க. பெரியம்மா தூங்கறாங்க" என்றார்.

"எந்தப் பெரியம்மா?" கிப் நோட்டீஸ் புத்தகத்தைத் திறந்தான். "ஏமஸ் டீஸ்லியா? வாழ்த்துக்கள். பன்னெண்டாவது ஆளு நீங்கதான். கொஞ்சம் அந்த வெளிச்சத்துல நில்லுங்க, படம் எடுக்கணும்."

ஏமஸ் அவனைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்தார். கவிழ்த்துப் போட்ட வாளி, ஒரு சின்னத் திரை, காகிதக் கோப்பை. கட்டில் இல்லை. பிறகு நடந்து போய் அட்டைப்பெட்டியை ஒரு கையால் அசைத்தார். அது தக்கை மாதிரி நகர்ந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"அப்போ உங்க அம்மா?" என்று வெல்டாவிடம் கேட்டார்.

"செத்து ஆறு வருஷமாச்சு."

"ஓ" என்றார் ஏமஸ். தொப்பியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் போய் நின்றார்.

அன்று வீட்டுக்குப் போய் வெல்டா குளித்தாள். மறுபடி குளித்தாள். அருவருப்பு போகவில்லை. அம்மாவின் கடைசி இரண்டு வருடத்தில் தினமும் காலையில் வெந்நீரில் துண்டை நனைத்து அவள்தான் துடைத்துவிட்டாள். முழங்கையில் ஊற்றிப் பார்த்து, சூடு பதம் பார்த்து. அந்த அம்மாவைத்தான் இன்றைக்குக் கடலை தின்கிறவனின் அறையில் குளிரில் படுக்கவைத்துவிட்டு வந்திருக்கிறாள். சீ, என்ன ஜென்மம் இது!

புதன்கிழமை அலுவலகத்தில் ஒரு பெட்டி டோனட் வாங்கி வைத்திருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு. அட்டையில் பன்னிரண்டு படம். கடைசிப் படத்தில் ஏமஸ் தொப்பியோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெல்டாவுக்கு முதல் டோனட்!" என்று கிப் கத்தினான், எல்லோரும் கைதட்டினார்கள். வெல்டா கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

வெளியே காரில் உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் எழுதினாள். நாலு தடவை எழுதி, மூன்றைக் கிழித்தாள். நாலேகாலுக்குத் திரும்பி வந்து, பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணாடிக்கு வெளிப்புறம் வரிசையில் நின்றாள். ஜன்னல் நாலரைக்குச் சாத்தப்படும். அதற்கப்புறம் வருகிற எதுவும் வியாழக்கிழமைக் கோப்பில் சேராது. அந்த விதியையும் ஆயிரம் பேரிடம் அவளே சொல்லியிருக்கிறாள்.

உள்ளே டான்ஸி இருந்தாள். இருபத்தாறு வயசு, வெல்டா கையைப் பிடித்து வேலை கற்றுக்கொடுத்த பெண். நோட்டரி முத்திரையும் அவளிடம்தான்.

"என்ன மிஸ் வெல்டா, இந்தப் பக்கம்?"

"ஏமஸ் டீஸ்லியோட கோப்புல சேக்கணும். உன் முன்னாடி கையெழுத்துப் போடறேன்."

டான்ஸி தாளைப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் கழுத்து சிவந்தது. பின்னால் இருந்த கிப்பின் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தாளைத் துளை வழியாகத் திருப்பித் தள்ளினாள்.

"இது கறுப்பு மை."

"டான்ஸி!"

"கறுப்புல வாங்கக் கூடாது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

இந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த பயத்தை வெல்டாவுக்குத் தெரியாதா? விதியை எடுத்துப் போர்த்திக்கொண்டு அதற்குள் சுருண்டுகொள்கிற சுகம் தெரியாதா? பதினோரு வருடம் அதற்குள்தான் அவளும் படுத்துக் கிடந்தாள். கறுப்பு மையென்று ஏமஸைத் திருப்பி அனுப்பியபோது தான் எவ்வளவு நிறைவாக உணர்ந்தோம் என்பது நினைவு வந்தது. அவளுக்கே அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"சரி, நீலப் பேனா குடு. இங்கயே எழுதறேன்."

டான்ஸி கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கண்ணால் காட்டினாள். 'பேனா இரவல் தரப்பட மாட்டாது.' வெல்டாவின் கையெழுத்துத்தான். சங்கிலியில் கட்டித் தொங்கிய பொதுப் பேனாவை எடுத்துக் கிறுக்கினாள். எழுதவில்லை. அது எழுதாமல் போய் இரண்டு வருடமாயிற்று என்பதும், மாற்றவேண்டியவள் தான்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். நாலு இருபது. கைப்பையைக் கவிழ்த்தாள். சாவி, மாத்திரை, லிப்ஸ்டிக், கறுப்புப் பேனா மூன்று.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. கையில் நீலப் பேனா.

ஏமஸ் நின்றிருந்தார். நோட்டீஸை எதிர்த்து மறுப்புத் தாள் கொடுக்க வந்திருக்கிறார். சட்டைப் பையில் இன்னொரு நீலப் பேனா இருந்தது. இந்தத் தடவை மிஸ் வெல்டா என்று சொல்லவில்லை.

அவள் நின்றபடியே எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. 'நான் இந்தக் கவுண்டியின் பெர்மிட் கவுண்ட்டர் ஊழியர். ஏமஸ் டீஸ்லி ஹீட்டர் வேலையை முதலில் மறுத்துவிட்டார். என் அம்மா உயிரோடு இல்லை. உயிரோடு இருப்பதாகப் பொய் சொன்னேன். பெர்மிட்டை நானே போடுவதாக என் வாயால் சொன்னேன். அதை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. காசு வேண்டாம் என்றவரை விலை சொல்ல வைத்தேன். எது சட்டம் என்று இவருக்குச் சொல்வது என் வேலை. அதனால் நம்பினார்.'

கிப் அறையை விட்டு வெளியே வந்துவிட்டான். உதட்டில் டோனட் சர்க்கரை.

"வெல்டா, என்ன பண்றீங்க? பதினாலு மாசம் வெல்டா! மூளை கீளை கொழம்பிப்போச்சா?"

"வாயத் துடை, கிப். பாக்கச் சகிக்கல."

அடியில் கையெழுத்துப் போட்டுத் தாளை உள்ளே தள்ளினாள். "டான்ஸி, இப்ப இதுல என்ன குறை? சொல்லு பாக்கலாம்."

டான்ஸி தாளைப் பார்த்தாள். கிப்பைப் பார்த்தாள். நீல மை, தேதி, முழுப் பெயர், கண்ணெதிரே போட்ட கையெழுத்து. குறை தேடி அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஒன்றும் கிடைக்கவில்லை. முத்திரையை, கையெழுத்தின் மேல் ஏறாமல், தள்ளிக் குத்தினாள். பிறகு நேரம் பதிக்கும் இயந்திரத்தில் செருகினாள். டொக். நாலு இருபத்தெட்டு. தாள் வியாழக்கிழமைக் கோப்புக்குள் போனது.

வெல்டா திரும்பினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"பேனா" என்றார் ஏமஸ், கையை நீட்டி.

கொடுத்தாள். அவர் அதைக் கால்சட்டையில் மேலும் கீழுமாக இரண்டு முறை அழுத்தித் துடைத்துவிட்டுப் பையில் செருகிக்கொண்டார். பிறகு அவளைத் தாண்டி ஜன்னலுக்குப் போய்த் தன் தாளை நீட்டினார்.